பேனாக்கத்தியும் ஆயுதச் சட்டமும்: அத்திபெலே எல்லையில் எழுந்த ஒரு கேள்வி

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பேருந்தை விட்டு அத்திபெலேயில் இறங்கித் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். உடன்வந்த இளம் ஆய்வு மாணவி கைப்பேசியில் ஒரு சிறிய மடக்குக்கத்தியின் படத்தைக் காட்டி, "அக்கா, பூட்டு இல்லாத கத்தியாகப் பார்த்து வாங்கினால் பையில் வைத்துக்கொள்ளலாமாம். சட்டம் அதை ஒன்றும் செய்யாதாம். உண்மையா?" என்று கேட்டார். ஆவணக் காப்பகப் படிப்பறைகளில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டுமே. நயமான பென்சில்களின் முனையை ஷார்ப்னர் ஒடித்துவிடுகிறது என்பது அவருடைய நியாயமான குறை.

"எந்தச் சட்டம்?" என்று திருப்பிக் கேட்டேன். அவரிடம் விடையில்லை. எனக்கும் அன்று முழு விடை இருக்கவில்லை. அதன்பின் இரண்டு வாரம் படித்ததன் பயனே இப்பதிவு. நான் வழக்கறிஞர் அல்லள். சமூக வரலாறு படிப்பவள். ஆனால் இந்தக் கேள்வியின் வேர் சட்டநூலை விடவும் வரலாற்றில்தான் ஆழமாக ஓடுகிறது.

முதலில், அந்தப் 'பூட்டு' எங்கிருந்து வந்தது என்பதைத் தெளிவுபடுத்திவிடலாம். மடக்குக்கத்தியில் இருவகை உண்டு. ஒன்றில் அலகு முழுவதும் விரிந்ததும் ஓர் உறுப்பு அதைப் பிடித்து நிறுத்திவிடும். பொத்தானையோ தகட்டையோ விலக்கினாலன்றி மடங்காது. மற்றதில் பிடியின் முதுகில் உள்ள விறைப்பான எஃகுப் பட்டை அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். சற்றே அழுத்தம் தந்தால் எந்த நிலையிலும் மடங்கிவிடும். இந்தப் பிரிவினைக்குச் சட்ட உயிர் தந்தது இங்கிலாந்து. அங்கே 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, பொது இடத்தில் தக்க காரணமின்றிக் கூர்ங்கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்கும் சட்டைப்பைக் கத்திக்கு மட்டும் விலக்கு அளித்தது. 'மடக்கும் கத்தி' என்றால் என்ன என்ற வினா எழுந்தபோது, எந்நேரமும் மடக்கும் செயலாலேயே மடங்கவேண்டும், பூட்டிக்கொள்வது அதில் அடங்காது என்று 1990-களின் தொடக்கத்தில் ஹாரிஸ் வழக்கில் நீதிமன்றம் விளக்கியது. 1998-இல் டீகன் வழக்கில் அந்த விளக்கம் உறுதிப்பட்டது. இணையத்தில் நம் மாணவர்கள் படிக்கும் கத்தி வாங்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த இங்கிலாந்து விதியின் நிழல். அத்திபெலேயில் அந்த விதிக்கு அதிகாரம் ஏதுமில்லை.

அப்படியானால் நம் நாட்டுச் சட்டம் கத்தியில் எதைப் பார்க்கிறது? பூட்டையா, நீளத்தையா, ஆளையா? இதற்கு விடைதேடி நான் மலபாருக்குப் போகவேண்டியிருந்தது.

மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதன் தென்பகுதித் தாலுகாக்களில் மாப்பிள்ளைக் குடியானவர்களின் கிளர்ச்சிகள் அடுத்தடுத்து எழுந்தன. காரணத்தை ஆராய 1852-இல் தாமஸ் லம்ஸ்டன் ஸ்ட்ரேஞ்ச் என்னும் நீதிபதி தனி ஆணையராக அமர்த்தப்பட்டார். நிலவுரிமைச் சிக்கலை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதவெறியே காரணம் என்று முடிவுகட்டி, கடுமையான அடக்குமுறையைப் பரிந்துரைத்தார். அதன் விளைவாக 1854-இல் இரு சட்டங்கள் பிறந்தன. 23-ஆம் சட்டம் கிளர்ச்சிகளைத் தண்டிப்பது. 24-ஆம் சட்டமே நமக்கு வேண்டியது: அது ஒரு கத்தியைத் தடைசெய்யப் பிறந்த சட்டம்.

எல்லாக் கத்தியையும் அல்ல. அதிகாரிகளின் எழுத்தில் 'ஆயுதக்கத்தி' என்றும் 'போர்க்கத்தி' என்றும் குறிக்கப்பட்ட, மாப்பிள்ளைமார் இடுப்பில் செருகிவந்த ஒருவகைக் கத்தியை. மலபாரில் இடுப்பில் கத்தி செருகாத உழைப்பாளி அரிது. தென்னையேறிக்குக் கத்தி வேண்டும். வெற்றிலை பாக்கு போடுபவருக்குக் கத்தி வேண்டும். காட்டு விளிம்பில் வாழ்பவருக்குக் கத்தி வேண்டும். அத்தனை இடுப்புகளிலிருந்தும் ஒரு சமூகத்தின் இடுப்பைத் தனியே பிரித்து, அங்குள்ள இரும்பை மட்டும் ஆயுதமாகப் பெயரிட்டது இச்சட்டம். பொறியமைப்பைப் பற்றி இதில் பேச்சில்லை. கத்தியின் வடிவமும் அதை வைத்திருப்பவரின் பெயரும் ஒன்றாக முடிச்சிடப்பட்டன.

நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியர் ஹென்றி வாலன்டைன் கனோலியின் தலையில் விழுந்தது. நிலம்பூர்த் தேக்குத் தோட்டத்தாலும் கோழிக்கோட்டுக் கால்வாயாலும் இன்றும் நினைக்கப்படும் அதே கனோலி. 1854 டிசம்பரில் அவர் சுற்றுப்பயணம் புறப்பட்டார். 1855 ஜனவரி 31-க்குள் 7,561 கத்திகள் சேர்ந்தன. இது வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட 'மலபார் மேனுவல்' தரும் கணக்கு. இந்த எண்ணைப் படித்தபோது நான் சற்று நேரம் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தேன். ஏழாயிரத்துச் சொச்சம் கத்திகள் என்றால், அவற்றை அடித்துக் கொடுத்த கொல்லர்கள் எத்தனை பேர், அவற்றில் எத்தனை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தவை, ஒப்படைத்துவிட்டு வெறும் இடுப்போடு வீடு திரும்பியவர்கள் மறுநாள் வேலைக்கு எதைச் செருகிக்கொண்டு போனார்கள்? கணக்கில் எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 11 இரவு, கோழிக்கோட்டில் தம் இல்லத்து வராந்தாவில், சிறையிலிருந்து தப்பிவந்த மாப்பிள்ளைக் கைதிகளால் கனோலி வெட்டிக் கொல்லப்பட்டார். கத்திகளைப் பறித்ததுதான் காரணம் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். செய்யது பசல் தங்கள் 1852-இல் அரபுநாட்டுக்கு வெளியேற நேர்ந்தது உள்ளிட்ட வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனால் கத்திகளைச் சேகரித்ததால் அமைதி வந்துவிடவில்லை என்பது மட்டும் உறுதி. ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து அதே மலபாரின் நிலவுரிமைகளை ஆராய்ந்த லோகன், 1882-இல் அளித்த அறிக்கையில், குடியானவரின் பாதுகாப்பற்ற நிலையே சிக்கலின் அடிப்படை என்று எழுதினார். ஸ்ட்ரேஞ்ச் பார்க்க மறுத்ததை லோகன் பார்த்தார். நடுவில் கத்திகள் போய்விட்டன. நிலம் இருந்தவிடத்திலேயே இருந்தது.

1857-க்குப் பின் இந்த அணுகுமுறை நாடு முழுதும் விரிந்தது. ஆயுதப் பறிப்புச் சட்டங்கள் வந்தன. கூடவே விலக்குகளும் வந்தன. மைசூருக்கும் குடகுக்கும் ஆணையராயிருந்த மார்க் கப்பன் 1861-இல் குடகு மக்களை அச்சட்டத்திலிருந்து விலக்கினார். பெங்களூரின் கப்பன் பூங்கா தாங்கியிருப்பது அவர் பெயரையே. அந்த விலக்கின் வழித்தோன்றலாகக் குடகர்களுக்குத் துப்பாக்கி உரிமத்தில் அளிக்கப்படும் சலுகை 2019-இல் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 2029 வரை நிலவுகிறது; 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. குடகரின் இடுப்பில் பீச்சேக்கத்தி அணிகலன். மாப்பிள்ளையின் இடுப்பில் ஆயுதக்கத்தி குற்றம். இரண்டு நிலப்பகுதிகளும் வயநாட்டுக் காடுகளின் இருபுறத்தில் அண்டையாக இருப்பவை. இரண்டையும் பிரித்தது இரும்பின் நீளமன்று. ஆட்சிக்கு யார் மீது நம்பிக்கை இருந்தது என்பதே.

லிட்டன் காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த ஏற்பாட்டை நிலைப்படுத்தியது. (அதே ஆண்டு டிசம்பரில் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை, எனக்கு ஆண்டு மறக்காமலிருக்க உதவுகிறது.) துப்பாக்கி, துப்பாக்கி முனைவாள், வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு என்று அதன் விளக்கம் அடுக்கிச் சென்றது. சாதாரணக் கத்தி அப்பட்டியலில் பெயரால் இல்லை. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. இந்தியருக்கு உரிமம் தேவைப்பட்டது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸின் மூன்றாம் மாநாட்டில் இச்சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேறியதற்கு இந்த அவமதிப்பே காரணம். சீக்கியரின் கிர்பானுக்கு விலக்குப் பெறவும் நெடும் போராட்டம் தேவைப்பட்டது: 1914-இல் பஞ்சாபிலும் தில்லியிலும், 1917-இல் பிற பகுதிகளிலும் அது கிடைத்தது, பின்னர் அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பிலேயே இடம்பெற்றது.

விடுதலைக்குப்பின் எழுதப்பட்ட 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. இங்குதான் மாணவியின் கேள்விக்கு நேர்விடை தொடங்குகிறது. தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட பொருளே 'ஆயுதம்'. கூர்முனைக் கருவிகளும் அதில் அடங்கும். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே வடிவமைக்கப்பட்டவை அடங்கா. இதுவே அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு கூறுவதன் சாரம். விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளைச் சேர்க்கிறது. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்பாட்டுக்கு வடிவமைத்தவற்றை அங்கேயும் விலக்குகிறது. 2016-ஆம் ஆண்டுப் புதிய விதிகளிலும் இந்த அளவுகள் தொடர்கின்றன. மேலும், துப்பாக்கியல்லாத ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் வேண்டுமென்பது, 4-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளுக்கே பொருந்தும்.

இதில் எங்கும் பூட்டு இல்லை. 9 அங்குலம் என்பது ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். சட்டைப்பையில் எந்தக் கத்தியும் அந்த நீளத்தை எட்டாது. இருப்பினும் நிம்மதியடைந்துவிட முடியாது. அளவு தெளிவாக இருக்கிறது. 'வடிவமைக்கப்பட்ட' என்னும் சொல் தெளிவாக இல்லை. ஒரு கத்தி எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதை யார், எங்கே, எந்நேரத்தில் முடிவுசெய்கிறார்? முதல் முடிவைச் சோதனை செய்பவர் சாலையோரத்தில் எடுக்கிறார். நீதிபதியின் முறை பல மாதம் கழித்தே வரும்.

பொறியமைப்பை நம் நாட்டில் சட்டம் பார்த்த இடமும் ஒன்று உண்டு. அது தில்லி. 1980 அக்டோபர் 29-ஆம் நாள் தில்லி நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை, ஸ்பிரிங்கால் இயங்கும் கத்தி, பொத்தான் கத்தி, வேறு இயந்திர ஏற்பாட்டால் திறந்து மூடும் கத்தி ஆகியவற்றை, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால், கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 7.62 என்பது விநோதமான எண்ணாகத் தோன்றும். அது துல்லியமாக 3 அங்குலம். எட்டாண்டு கழித்து இங்கிலாந்து தன் சட்டத்தில் எழுதிய அதே 3 அங்குலம். பொத்தான் கத்தியின் மீதான இந்த அச்சம் உலகளாவியது: அமெரிக்கா 1958-இலும், இங்கிலாந்து நம் ஆயுதச் சட்டம் நிறைவேறிய அதே 1959-இலும் அவற்றுக்கெனத் தனிச் சட்டம் இயற்றின. நம் திரைப்படங்களில் ராம்புரிக் கத்தி 'டக்' என்று விரியும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அச்சத்தை விளக்கவேண்டியதில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரே நொடியில் அலகாக மாறுவதுதான் அங்கே ஆபத்தாகக் கருதப்பட்டது.

ஆனால் அந்த அறிவிக்கையின் சொற்கள் உற்பத்தி, விற்பனை, விற்பதற்காகவோ சோதிப்பதற்காகவோ வைத்திருத்தல் ஆகியவற்றைப் பற்றியவை. வெறுமனே சட்டைப்பையில் வைத்திருந்தவர்கள் மீதும் அதன்கீழ் வழக்குகள் பதியப்பட்டுவந்தன. 2025-இல் உச்சநீதிமன்றம், குற்றப்பத்திரிகையில் விற்பனை நோக்கம் பற்றிய குற்றச்சாட்டே இல்லை என்று சுட்டிக்காட்டி அத்தகைய ஒரு வழக்கை ரத்துசெய்தது. அறிவிக்கை வெளிவந்து நாற்பத்தைந்தாவது ஆண்டில்! இடைப்பட்ட காலத்தில் தில்லியில் பொத்தான் கத்தியோடு பிடிபட்டவர்கள் பெரும்பாலும் எந்த வர்க்கத்தினராக இருந்திருப்பார்கள் என்பதை ஆய்வாளர்கள் யாரேனும் எடுத்துப் படிக்கவேண்டும். சட்டவியல் மாணவர்களுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு இது.

பென்சில் சீவும் கத்திக்குத் திரும்புகிறேன். ஜப்பானின் மிகி நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய 'ஹிகோனோகாமி' என்னும் மடக்குக்கத்தியில் பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஆணியின் இறுக்கமும் கட்டைவிரலின் அழுத்தமும்தான் அலகை நிறுத்தும். பள்ளிப்பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்தது. 1960 அக்டோபரில் டோக்கியோ மேடையொன்றில் சோஷலிஸ்டுத் தலைவர் அசானுமா இனெஜிரோ பதினேழு வயது இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். குத்திய கருவி குறுவாள். ஆனால் அதன்பின் எழுந்த 'பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்' இயக்கத்தில் அடிவாங்கியது பென்சில் கத்தி. மலபாரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் பழகிய கதையாகவே தோன்றும்.

நமக்கும் எழுத்துக்கும் கத்திக்கும் உறவு பழையது. ஓலை வாருவதற்கு ஒரு முனையில் கத்தி கொண்ட வாரெழுத்தாணியும், பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணியும் நம் புலவர்களின் மடியில் இருந்தவை. 'பேனாக்கத்தி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பேனா போர்த்துகீசியத்தில் இறகு. இறகுப் பேனாவின் முனையைச் சீவியது பேனாக்கத்தி. பெயரிலேயே தன் பயனைச் சொல்லிவிடும் கருவி. 'எதற்காக வடிவமைக்கப்பட்டது?' என்று சட்டம் கேட்கும்போது, இதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டியதில்லை.

ஆகவே மாணவிக்கு நான் எழுதிய மறுமொழி இது. பூட்டில்லாத கத்தியை வாங்கு. ஆனால் நீ நினைக்கும் காரணத்துக்காக அல்ல. பூட்டில்லாததைப் பொத்தானால் விரிக்க முடியாது. அலகிலுள்ள நகக்குழியில் நகத்தை வைத்து இரு கைகளால் திறக்கவேண்டும். முதுகுப்பட்டை அலகைத் தடுக்கிறதேயன்றி உந்தித் தள்ளுவதில்லை. தில்லி அறிவிக்கை அஞ்சிய எதுவும் அதில் இல்லை. அலகு 3 அங்குலத்துக்கு நன்றாகக் குறைவாக, 5 அல்லது 6 சென்டிமீட்டரில் இருக்கட்டும். ஓப்பினல் கத்தியில் 2 முதல் 5 வரையான எண்களுக்குப் பூட்டுவளையம் கிடையாது. 5-ஆம் எண்ணின் அலகு 6 சென்டிமீட்டர். விக்டோரினாக்ஸின் 58 மில்லிமீட்டர்ச் சிறுகத்தியில் கத்தரியும் நக அரமும்கூட உண்டு. அதைப் பார்த்து ஆயுதம் என்று எவரும் நினைப்பது கடினம். இருபுறக் கூர், கறுப்புப் பூச்சு, 'போர்வீரர் கத்தி' என்ற விளம்பரம் ஆகியவற்றைத் தவிர். இடுப்பில் செருகாதே, பென்சில் பெட்டிக்குள் போடு. பூட்டில்லாத அலகு குத்தும்போது விரல்மேல் மடங்கும். ஆகவே சீவவும் அறுக்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்து. விமானத்தில் கைப்பையில் வைக்காதே. கர்நாடகக் காவல் சட்டம் 1963-இன் 35-ஆம் பிரிவின்கீழ், பொது அமைதியைக் காரணமாகக் காட்டிக் கத்தியும் கம்பும் எடுத்துச்செல்வதைக் குறித்த காலத்துக்குத் தடைசெய்ய முடியும். அத்தகைய ஆணை உள்ள நாட்களில் கத்தியை வீட்டில் வைத்துவிடு. ஆயுதச் சட்டம் எல்லையின் இருபுறமும் ஒன்றே. காவல் சட்டங்கள் அப்படியல்ல என்பதையும் நினைவில் வை.

இவ்வளவும் எழுதியபின் எனக்கே ஓர் உறுத்தல். நாங்கள் தேநீர் அருந்திய இடத்துக்கு எதிரே இளநீர் வெட்டியவர் கையில் ஒன்றரை அடி அரிவாள் இருந்தது. வேளாண் கருவி, விலக்குக்கு உரியது. பக்கத்தில் தொழிற்பேட்டை வேலை முடிந்து பேருந்துக்கு நின்ற வடநாட்டு இளைஞர்களில் ஒருவர், பெட்டியின் கட்டுக்கயிற்றைச் சிறு கத்தியால் அறுத்துவிட்டு அதைச் சட்டைப்பையில் போட்டார். மாணவி வாங்கப்போகும் அதே அளவுக் கத்தி. சோதனை என்று வந்தால் எங்கள் இருவரின் பைகளில் பல்கலைக்கழக அடையாள அட்டை இருக்கிறது. அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எங்களிடம் கேட்கப்படாது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, கத்தி அரிவாள் விற்பவர்கள் வாங்குவோரின் பெயர் முகவரியைப் பதியவேண்டுமென்று அறிவுறுத்தியபோதும் எனக்கு இதே ஐயம் எழுந்தது: எந்தப் பெயரும் எந்த முகவரியும் ஐயத்துக்கு உரியவையாகும்?

1854-55-ஆம் ஆண்டுகளின் மலபார் ஆவணங்களை எழும்பூரில் மீண்டும் பார்க்கப் போகிறேன். சேகரிக்கப்பட்ட 7,561 கத்திகள் பின்னர் என்னவாயின என்பதே என் தேடல். மலப்புறம், பொன்னானி, ஏறநாடு பகுதிகளில் வேர்கொண்ட நண்பர்கள், தங்கள் குடும்பங்களில் அக்கத்திகளைப் பற்றிய வாய்மொழிச் செய்தி ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். கொல்லர் குடும்பங்களின் நினைவுகள் கிடைத்தால் இன்னும் நல்லது.